வேலியா, தோட்டமா, ஊரா?

ஜெர்மன் தெரிந்தவருக்கு டச்சு மொழி தானாக வந்துவிடும் என்று ஜெர்மனியின் எல்லை ஊரான ஆஹன் நகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு டச்சு தெரியாது. எல்லையைத் தாண்டிப் போய்க் காபித்தூளும் பாலாடைக்கட்டியும் வாங்கி வருவதற்கு மொழி எதுவும் தேவைப்படுவதில்லை. அதனால் அந்த நம்பிக்கைக்கும் சேதாரம் வருவதில்லை. எனக்கு வேலை ஆஹனில், வாடகை வீடு நெதர்லாந்துப் பக்கம் ஃபால்ஸில். ஆஹனிலிருந்து வரும் சாலை பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஃபால்ஸின் கடைத்தெருவாகிவிடும். ஆனால் நகராட்சிக் கடிதம், மின்கட்டண ரசீது, குப்பை எடுக்கும் நாள்களின் அட்டவணை, பக்கத்து வீட்டு அம்மாள் என்று வீட்டுப் பக்கம் எல்லாமே டச்சு.

இரண்டு மொழிகளோடும் குடித்தனம் நடத்தியதில் நான் தெரிந்துகொண்டது: உறவுமொழிகளில் ஒலியை நம்பலாம், பொருளை நம்பக் கூடாது. ஒலி ஓர் ஒழுங்கோடு மாறியிருக்கிறது. பொருளோ ஒவ்வொரு ஊரிலும் அவரவர் தேவைக்கு ஏற்ப நகர்ந்திருக்கிறது. ஜெர்மன் முடித்துவிட்டு டச்சோ ஸ்வீடிஷோ நார்வேஜியனோ தொடங்கப்போகிறவர்கள் சொற்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். ஒரே ஒரு சொல்லை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருந்த மரத்தடுப்பு விழுந்துவிட்டது. கான்கிரீட் தூண்கள் அசையாமல் நின்றன. அவற்றில் செருகியிருந்த பலகைகள் மட்டும் பெயர்ந்து அந்த அம்மாளின் பக்கம் கிடந்தன. துணைக்கு அலுவலக நண்பரை அழைத்திருந்தேன். பவேரியாக்காரர். ஜெர்மன் சொற்களின் ஓரங்களைக் கொஞ்சம் சீவிவிட்டால் டச்சு ஆகிவிடும் என்பது அவருடைய கொள்கை. அம்மாள் கதவைத் திறந்ததும், “டய்ன் உடைந்துவிட்டது” என்று அறிவித்தார். ஜெர்மனில் வேலிக்கு ட்ஸவுன் என்று பெயர். அதை ஒழுங்காகச் சீவினால் டச்சில் டய்ன் என்றுதான் வரும். அம்மாளின் முகம் மாறிவிட்டது. “என் டய்னுக்கு என்ன ஆயிற்று?” என்று ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடினார், ஹைட்ரேஞ்சியா செடிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். டச்சில் டய்ன் என்றால் தோட்டம்.

விழுந்து கிடந்த பலகைத் தடுப்புக்கு டச்சில் ஸ்ஹுட்டிங் என்று பெயர். கம்பி, இரும்பு, மரச்சட்டம் என்றால் ஹெக். செடி வளர்த்து அடைத்த உயிர்வேலி என்றால் ஹாஹ். நண்பர் தேடிய பொருளுக்கு இத்தனை பெயர்கள் இருந்தும், அவர் கையில் எடுத்தது மட்டும் அதன் பெயரில்லை.

செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியானதும் அம்மாள் திரும்பிப் பார்த்து, “என்னை டய்னைச் சுற்றி அழைத்துப்போகப் பார்க்கிறீர்களா?” என்று சிரித்தார். ஒருவரை ஏமாற்றுவதற்கு டச்சில் வழங்கும் தொடர் அது. நண்பருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை: வேலிக்கு உள்ளே விடாமல் வெளியிலேயே சுற்ற வைப்பது. அம்மாளுக்குத்தான், தோட்டத்தைச் சுற்றி நடப்பதில் என்ன ஏமாற்று இருக்கிறது என்று அதுவரை கேட்டுக்கொள்ளத் தோன்றியதே இல்லையாம். இன்றைய டச்சைத் தப்பாகப் பேசிய மனிதர் பழைய டச்சைச் சரியாகப் பேசியிருக்கிறார். டய்ன் என்ற சொல்லுக்கு முதலில் வேலி என்றுதான் பொருள். பழைய டச்சு நாணயங்களிலும் முத்திரைகளிலும் ஒரு சிங்கமோ ஒரு கன்னியோ வட்டமான மிலாறு வேலிக்கு நடுவே இருப்பதைப் பார்க்கலாம். அந்தச் சின்னத்துக்கு ‘ஹாலந்தின் டய்ன்’ என்று பெயர். படத்தில் கண்ணுக்கு முதலில் படுவது பின்னிய வேலிதான்.

ட்ஸவுனும் டய்னும் ஒரே சொல் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஒலியின் ஒழுங்கு உதவுகிறது. வீட்டுக்கு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஹவுஸ்; டச்சில் ஹய்ஸ்; ஐஸ்லாந்தில் ஹூஸ். எலிக்கு மவுஸ், மவுஸ், மய்ஸ், மூஸ். பழுப்பு நிறத்துக்கு ப்ரவுன், ப்ரவுன், ப்ரய்ன், ப்ரூன். ஐஸ்லாந்தின் நெடில் ஊகாரம்தான் பழைய ஒலி. ஆங்கிலமும் ஜெர்மனும் அதைத் தனித்தனியே ‘அவு’ ஆக்கிக்கொண்டன. டச்சு அதை ‘அய்’ போன்ற ஓர் ஒலியாக்கியது. போன்ற என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: உதட்டை ஊதுவதுபோல் குவித்துக்கொண்டு ‘அய்’ சொல்ல வேண்டும், தமிழ் எழுத்தில் அது பிடிபடாது. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் வழக்குகளிலும் வடக்கே தாழ்ஜெர்மனிலும் வீடு இன்றும் ‘ஹூஸ்’தான். பெர்னிலிருந்து ஆஹனுக்கு வந்த ஒருவர் பேசுவதைக் கேட்டபோது ஐஸ்லாந்துக்காரரோ என்று எனக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது.

மெய்யெழுத்துக்கும் இதேபோல் ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்திலும் டச்சிலும் சொல்லின் முதலில் ‘ட’ நிற்கும் இடத்தில் ஜெர்மன் ‘ட்ஸ’ போடும். பத்துக்கு டென், டீன், ட்ஸேன். சுங்கத்துக்கு டோல், டோல், ட்ஸோல். நாக்குக்கு டங், டோங், ட்ஸுங்க. இந்த மாற்றம் ஜெர்மன் நிலத்தின் தெற்கில் தொடங்கி வடக்கே ஏறி, பாதி வழியில் நின்றுவிட்டது. இதே மாற்றவரிசையைச் சேர்ந்ததுதான் ‘க்’ ‘ஹ’ ஆவதும்: ‘செய்’ என்பதற்கு வடக்கே மாக்கன், தெற்கே மாஹன் என்று வழக்குகளைப் பிரிக்கும் பென்ராத் கோடு, டுஸ்ஸல்டார்ஃபின் தென்பகுதியான பென்ராத்தில் ரைன் நதியைக் கடந்து, ஆஹன் பக்கம் வந்து சேர்கிறது. தமிழின் பால், பல், பத்து ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து ஆவதைக் கவனித்தவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு சொல் மாறினால் அந்த வரிசையில் நிற்பதெல்லாம் மாறும். மொழியறிஞர்களான டென்மார்க்கின் ரஸ்முஸ் ராஸ்க் 1818இலும் ஜெர்மனியின் யாகோப் கிரிம் 1822இலும் இதைவிடப் பழைய மெய்மாற்றங்களை இப்படித்தான் வரிசைப்படுத்திக் காட்டினார்கள்.

இப்போது ட்ஸவுனை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் ‘ட்ஸ’வை ‘ட’ ஆக்கி, ‘அவு’வை ‘அய்’ ஆக்கினால் டச்சின் டய்ன். ‘அவு’வை அப்படியே விட்டால் ஆங்கிலத்தின் டவுன். ஊகாரம் போட்டால் ஐஸ்லாந்தின் டூன். ஒரு எழுத்துகூடக் கணக்குக்கு வெளியே போகவில்லை. நான்கும் உடன்பிறந்தவை.

பொருளைப் பாருங்கள். ஜெர்மன்காரர் வேலியிலேயே நின்றுவிட்டார். டச்சுக்காரர் வேலிக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் தோட்டத்துக்குப் பெயரைக் கொடுத்துவிட்டார். நார்வேயில் டூன் என்றால் பண்ணையில் வீடும் தொழுவமும் களஞ்சியமும் சூழ்ந்த முற்றம். அந்த முற்றத்தில் நிற்கும் மரத்துக்கு ‘டூன் மரம்’ என்றே பெயர். ஐஸ்லாந்தில் அது வீட்டை ஒட்டிய, எரு போட்டு வளர்த்து, தீவனத்துக்காக வெட்டி உலர்த்தும் புல்வெளி. இங்கிலாந்தில் அடைப்புக்குள் இருந்த பண்ணைவீடு, பிறகு நாலு வீடு சேர்ந்த சிற்றூர், பிறகு நகரம். ஸ்காட்லாந்தில் ‘டூன்’ என்ற சொல் பண்ணையையும் குறித்து வந்தது. இந்த நடுப்படி உண்மையாகவே இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஐரிஷ் போன்ற கெல்டிக் மொழிகளில் இதன் உறவுச்சொல்லுக்குக் கோட்டை என்று பொருள். பிரான்ஸின் லியோன் நகருக்கு ரோமானியர் காலத்தில் வழங்கிய லுக்டூனும் என்ற பெயரின் வாலில் இருப்பது அதுதான்.

ஆங்கிலக் கிளையின் தடயம் ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. சட்டன் தெற்கு ஊர், நார்ட்டன் வடக்கு ஊர், கிங்ஸ்டன் அரசனின் ஊர், நியூட்டன் புதூர். ஆப்பிள் விழுந்த கதையில் வரும் ஐசக் நியூட்டனைத் தமிழில் பெயர்த்தால் ஐசக் புதூரார் என்று வரும். வாஷிங்டன், வெலிங்டன் எல்லாவற்றின் கடைசியிலும் அதே வேலி நிற்கிறது.

வேலியிலிருந்து ஊர் எப்படி வரும் என்று தமிழர் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் வேலி என்பது அடைப்பும்தான், தஞ்சைப் பக்கத்தில் 20 மா, அதாவது ஏறத்தாழ 6.6 ஏக்கர் கொண்ட நில அளவும்தான். ஊர்ப்பெயரிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘திருநெல்வேலி டவுன்’ என்று பஸ் பலகையில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு தமிழ் வேலி, அதையடுத்து ஓர் ஆங்கில வேலி, இரண்டுமே ஊராகிவிட்டவை.

ஐஸ்லாந்தின் டூனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே நீண்ட குளிர்காலத்தை ஆடு மாடுகள் தாண்டுவதற்கு உலர்த்திய புல்தான் வழி. ஆகவே வீட்டைச் சுற்றியிருந்த அந்தப் புல்வெளிதான் பண்ணையின் உயிர்நாடி. கோடையில் ஆடுகள் அதற்குள் புகுந்துவிடாமல் கல்லாலோ புல்வேர் மண்கட்டியாலோ சுவர் எழுப்புவார்கள். அந்தச் சுவருக்கு டூன்கார்துர் என்று பெயர். இதில் டூன் புல்வெளி, கார்துர் சுவர். இப்போது ஜெர்மனுக்கு வாருங்கள். தோட்டவேலிக்கு அங்கே கார்ட்டன்ட்ஸவுன் என்பார்கள். கார்ட்டன் தோட்டம், ட்ஸவுன் வேலி. ஐஸ்லாந்தின் கார்துரும் ஜெர்மனின் கார்ட்டனும் ஒரே வேர். ஆங்கிலத்தின் யார்டும் அதுதான். ஆக அதே இரண்டு சொற்கள்தான், ஆளுக்கு ஆள் வேலையை மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனில் அடைப்பைக் குறிக்கும் சொல் ஐஸ்லாந்தில் அடைபட்ட நிலத்தைக் குறிக்கிறது; ஜெர்மனில் நிலத்தைக் குறிப்பது அங்கே அடைப்பைக் குறிக்கிறது. போதாததற்கு, தனியாக நிற்கும் கார்துருக்கு இன்றைய ஐஸ்லாந்தில் தோட்டம் என்ற பொருளும் உண்டு.

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் போர்கார்டூன் என்றொரு தெரு இருக்கிறது. ‘நகரத்தின் புல்வெளி’ என்பது போன்ற பெயர். நான் போனபோது தெரு முழுக்கக் கண்ணாடி அலுவலகக் கட்டடங்கள்தான் தெரிந்தன. அருகில் ஹெவ்தி என்ற வெள்ளை வீடு. அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1986இல் சந்தித்துப் பேசிய இடம். நகரம் வளர்ந்து புல்வெளியை விழுங்கிவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளில் நடந்த கதை இங்கே தெருப்பலகையில் சுருக்கமாக இருக்கிறது.

இனி, இதையெல்லாம் வைத்துக்கொண்டு மொழி கற்பது எப்படி என்று பார்ப்போம்.

புதிய உறவுமொழியில் முதல் வாரம் சொற்பட்டியலைத் தொடவே வேண்டாம் என்பேன். வீடு, எலி, பழுப்பு, பத்து, நாக்கு, தீ, நல்லது, புத்தகம் என்று எல்லாக் கிளைகளிலும் பொருள் மாறாத சொற்களாக இருபது முப்பது எடுத்து, ஒலி எப்படி எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உடல் உறுப்பு, எண், நிறம், வீட்டு விலங்கு ஆகியவை இதற்கு நல்லவை. நாலைந்து விதிகள் தாமாகவே தெரிந்துவிடும். அதன் பிறகு பார்க்கும் புதிய சொல்லில் பாதி, முகம் தெரிந்த சொல்லாகிவிடும்.

முகம் தெரிகிறது என்பதற்காகப் பொருளை எழுதிவிடக் கூடாது. என் நோட்டில் ஜெர்மன் பொருளுக்கு ஒரு பத்தி, டச்சுப் பொருளுக்கு ஒரு பத்தி, நடுவில் ஒரு படம். டய்னுக்கு நடுவில் குச்சிகள் பின்னிய ஒரு வட்டம் வரைந்திருக்கிறேன். கோட்டின் மேல் ஜெர்மன், வட்டத்துக்குள் டச்சு. டச்சில் கடைக்குப் பெயர் விங்கல். ஜெர்மனில் அதே சொல்லுக்குக் கோணம், மூலை. படத்தில் ஒரு தெருமுனையை வரைந்தால் வேலை முடிந்தது. முனைக்கடை இல்லாத ஊர் எது? ஜெர்மனில் ஷ்லிம் என்றால் மோசம், டச்சில் ஸ்லிம் என்றால் கெட்டிக்காரத்தனம், ஆங்கிலத்தில் மெலிவு. மூன்றுக்கும் அடியில் இருப்பது கோணல் என்ற பொருள். கோணல் மோசமாவதும் கோணல் புத்தி சாமர்த்தியமாவதும் புரிந்துகொள்ளக்கூடியவைதான். மெலிவு கொஞ்சம் சுற்றுவழியில் வந்தது. கையால் தொடக்கூடிய பொருள் அடியில் கிடைத்தால் படம் வரையுங்கள், கிடைக்காவிட்டால் மனப்பாடம்தான்.

ஆங்கிலத்தை இடையில் தரகராக வைக்காதீர்கள். டவுனிலிருந்து டய்னுக்கு வழி தேடினால் கிடைக்காது. ஆங்கிலம் அந்தப் பாதையின் கடைசி வீட்டில் இருக்கிறது, வேலியை அங்கிருந்து பார்க்க முடியாது.

பழைய பொருள் ஒளிந்திருக்கும் இடம் மரபுத்தொடர். ‘டய்னைச் சுற்றி அழைத்துப்போவது’ அதற்கு ஒரு சான்று. ஜெர்மனில் காரணமில்லாமல் சண்டை தொடங்குவதை ‘சண்டையை வேலியிலிருந்து ஒடிப்பது’ என்பார்கள். போகிற போக்கில் வேலியில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு அடிக்கக் கிளம்புவது. நம்மவர்கள் அதே வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறார்கள். யாருக்கும் புரியாமல் போகாத அளவுக்கு அப்பட்டமான குறிப்பு ‘வேலிக்கம்பத்தால் ஜாடை காட்டுவது’. டிக்கெட் வாங்காமல் வெளியில் நின்று வேடிக்கை பார்ப்பவர் ‘வேலி விருந்தாளி’. உள்ளூர்க்காரரிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டால் அகராதி சொல்வதையே சொல்வார். அந்தச் சொல் வரும் தொடர்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் யோசிக்காமல் சொல்வதில்தான் சரக்கு இருக்கும்.

அகராதியைப் பார்ப்பதென்றால் கிரிம் சகோதரர்கள் தொடங்கிய பெரிய ஜெர்மன் அகராதி இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் தொகுதி 1854இல் வந்தது. யாகோப் கிரிம் 1863இல் ‘பழம்’ என்பதற்கான ஃப்ருஹ்ட் என்ற சொல் வரைக்கும் வந்து காலமானார். வேலை முழுவதும் முடிந்தது 1961இல். ட்ஸவுன் ஜெர்மன் அகரவரிசையின் கடைசி எழுத்தில் வருவதால் சகோதரர்கள் இருவரும் அந்தப் பக்கமே வரவில்லை. அந்த அகராதியின் ஜெர்மன் கடினம்தான். ஆனாலும் எந்த உறவுமொழியில் என்ன வடிவம் என்று ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இருக்கும் பகுதியை மட்டும் படித்தால்கூடப் போதும்.

கடைசியாக ஒன்று. ஒலிவிதிகள் உறவைக் காட்டிக்கொடுப்பதோடு, உறவில்லாததையும் காட்டிக்கொடுக்கும். டச்சில் வாடகைக்கு எடுப்பதற்கு ஹ்யூரன் என்பார்கள். அதை எழுத்தில் பார்க்கும் ஜெர்மன்காரர் நெளிவார். அதே எழுத்துகளை ஜெர்மனில் ஹூரன் என்று படித்தால் விபசாரத்தைக் குறிக்கும். ஃபால்ஸில் வீடு தேடிவரும் ஜெர்மன் மாணவர்கள் விளம்பரப் பலகையைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். விதிப்படி பாருங்கள். நெருப்புக்கு டச்சில் ஃப்யூர், ஜெர்மனில் ஃபொயர். விலை அதிகம் என்பதற்கு ட்யூர், டொயர். ஆக டச்சின் ஹ்யூரனுக்கு ஜெர்மனில் ஹொயர்ன் என்றுதான் இணை வரவேண்டும். அப்படியொரு சொல் இருக்கிறது: கப்பலுக்கு ஆள் அமர்த்துவது. ஆங்கிலத்தின் ஹையரும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஃபயர், ஃபொயர், ஃப்யூர் என்ற வரிசையில் வைத்துப் பாருங்கள். ஜெர்மன்காரர் நினைக்கும் அந்த இன்னொரு சொல்லுக்கு டச்சில் ஹூர் என்று வேறு எழுத்தில் தனியாகவே ஒரு சொல் உண்டு. இரண்டுக்கும் எந்த ஒட்டும் கிடையாது. ஃபால்ஸில் உங்கள் வாடகை ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே ஹ்யூர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். போடும் முன் ஸ்ஹுட்டிங்கைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.